இயற்கை நித்திரைக் கூடம்

மனிதன் மண்ணில் பிறந்தவன். மண்ணின் மேல் கிடப்பதற்கென்றே படைக்கப்பட்டவன். அவனுக்கும் பூமிக்கும் நடுவே பஞ்சு புகுந்த நாளில்தான் நோயும் பொய்யும் போரும் இந்த உலகத்துக்குள் புகுந்தன.

இந்தப் பேருண்மையை ஒரு முற்பகல் வேளையில் வெளியிட்டவர் மெத்தைக்காரர். வெளியிட்ட இடம் அவருடைய மெத்தைக் கடை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆகி இரட்டைக் கட்டிலுக்கு மெத்தை சொல்ல வந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும்.

"அப்ப நாங்க தரையிலயே..." என்று இழுத்தான் அந்தப் பையன். மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதித்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே பஞ்சு மிஷின் நின்றது. மெத்தைக்காரரின் மனைவி வெளியே வந்தாள். தலைமுடி, புருவம், மேலுதடு எல்லாம் பஞ்சு. தெருவில் அவளுக்குக் கோணூசி என்று பேர். மெத்தையைக் குத்துகிற அந்த நீள ஊசி எப்போதும் அவள் தோளருகே துணியில் செருகியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளிடம் ஒரு தடவை பேசியவர்களுக்குத் தெரியும்.

"கட்டில் அளவு சொல்லும்மா," என்றாள் அவள். "அவர் சொல்றதைக் காதுல போட்டுக்காத. காலையில பச்சை முட்டைக்கோசைத் தின்னுட்டாரு. அதான் மேல ஏறிப் பேசுது."

"இந்தா பாரு, இது கொள்கை," என்றார் மெத்தைக்காரர்.

"கொள்கையை உள்ள கொண்டு போய் வைங்க. வாசல்ல ஆளு நிக்குது."

ஆனால் ஆள் நிற்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறோம் என்று அந்த ஜோடி நழுவிவிட்டது. யோசிப்பதற்குத் தெருக்கோடியில் இருந்த இன்னொரு மெத்தைக் கடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பது இங்கிருந்தே தெரிந்தது.

மெத்தைக்காரர் இப்படி ஆனதற்கு சூப்பரிண்டெண்ட்தான் காரணம். மின்சார ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆயுள்காலம் இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வாரம் இயற்கையைக் கண்டுபிடித்தார். இயற்கை அதற்கு முன்னாலும் அங்கேயேதான் இருந்தது. ஆபீஸ் நேரத்தில் சந்திக்க வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் சபை கூட்டினார். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு இயற்கை நோக்கம் உண்டு, அந்த நோக்கத்துக்கு ஏற்றபடி வாழ்வதே வாழ்வு என்பது அவர் உபதேசம். அதை ஒரு பலகையில் எழுதி, பலகையைச் சுற்றிச் சின்னச் சின்ன மின்சாரப் பல்புகள் மாட்டியிருந்தார்.

மெத்தைக்காரர் அங்கே போனது காற்று வாங்கத்தான். போன இடத்தில் சூப்பரிண்டெண்ட் இவரைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "மெத்தை விற்பவரே மெத்தையைத் துறக்க முன்வந்திருக்கிறார்" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கை தட்டியது. மூலையில் பஞ்சு குறைகிறது, விளிம்பு கோணலாக இருக்கிறது, போன தடவை போட்டது ஒரு வருஷத்தில் அமுங்கிவிட்டது என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டறியாத காதுகள் அவருக்கு. கை தட்டல் நேராக உள்ளே இறங்கிவிட்டது. துறக்கப் போவதாகத் தான் சொல்லவே இல்லையே என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் துறந்தாகிவிட்டது.

அன்று முதல் வெறுஞ்சிமெண்டில் படுக்கை, வெறுங்கால் நடை, வேகாத சாப்பாடு. அவர் தரையில் படுத்ததைப் பற்றிக் கோணூசிக்கு ஒரு வருத்தமும் இல்லை. யார் எங்கே படுத்தால் அவளுக்கென்ன. அவளுக்கு வருத்தம் வேறு.

மெத்தை தைப்பதில் கடைசி வேலை குத்துப் போடுவது. உறைக்குள் பஞ்சை அடைத்து, வாயைத் தைத்து, குச்சியால் தட்டிச் சமன் செய்த பிறகு, உள்ளே பஞ்சு ஓடாமல் இருக்க வரிசையாக நூலால் குத்தி இறுக்க வேண்டும். சில கடைகளில் படுக்கப் போட்டே குத்துவார்கள். இந்தக் கடையில் மெத்தையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துகொள்வார்கள். இவள் இங்கிருந்து ஊசியைக் குத்துவாள். அவர் அங்கே வாங்கி இழுத்து, ஒரு துணிப்பொத்தானைக் கோத்துத் திருப்பி அனுப்புவார். ஊசி போகும், ஊசி வரும். நடுவில் மெத்தை ஒரு சுவர் மாதிரி நிற்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அவர்கள் குடும்பம் நடந்ததெல்லாம் அந்தச் சுவரின் ஊடேதான். மகளை எங்கே படிக்க வைப்பது, யாருக்குக் கட்டிக் கொடுப்பது, கூரையை எப்போது மாற்றுவது என்று எல்லாமே ஊசியோடு போய் ஊசியோடு வந்த பேச்சு. சண்டை வந்தால் நூல் கொஞ்சம் கூடுதலாக இறுகும். சில மெத்தைகளில் ஒரு வரிசை மட்டும் ஆழமாக அமுங்கியிருக்கும். வாடிக்கையாளர்கள் அதை வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை. அவள் இங்கே குத்திவிட்டு, எழுந்து, மெத்தையைச் சுற்றிப் போய், உட்கார்ந்து, ஊசியை இழுத்து, பொத்தான் கோத்து, மறுபடி குத்தி, எழுந்து, சுற்றி வந்து உட்கார வேண்டும். வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு மெத்தைகள் போட வேண்டியிருந்தது. புதிதாகச் சேரும் பெண்கள் மாதம் பிறந்ததும் வந்துவிடுவார்கள். மெத்தைக்காரர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, அவள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருப்பார்.

அப்படிக் கடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் சொன்னார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து கூடத்தை சபைக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்துட்டேன்."

ஊசி மெத்தைக்குள் பாதியில் நின்றது.

"எந்தக் கூடத்தை?"

"இந்தக் கூடத்தைத்தான். நித்திரைக் கூடம் ஆக்கப் போறாங்க. ஜனங்க வந்து தரையில படுத்துப் பழகுவாங்க."

"ஜனங்களுக்கு அவங்கவங்க வீட்டுல தரை இல்லையா?"

"இந்தா, கிண்டல் பண்ணாத. மெத்தைக் கடையே நித்திரைக் கூடமா மாறினா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு சார் சொல்றார்."

"அப்ப மெத்தை எங்க தைக்கிறது?"

"தைக்க வேணாங்கிறேன்."

அவள் மெத்தையின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது யாரு கூடம்?"

"எங்க அப்பா கட்டினது."

"உங்கப்பா சுவரைக் கட்டினாரு, இல்லேங்கல. இந்தத் தரை இவ்வளவு வழவழன்னு இருக்கே, இது யாரு முட்டி பட்டுத் தேஞ்சதுன்னு நெனக்கிறீங்க?"

மெத்தைக்காரர் தரையைத் தடவிப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. படுக்கத் தோதாக இருந்தது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"நீ ஓய்வா இரு," என்றார். "இத்தனை வருஷம் பஞ்சுல கெடந்து மூக்கெல்லாம் அடைச்சுப் போச்சு. மகளும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, போய் பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு இயற்கையா இரு."

"இப்ப என்ன நான் செயற்கையா இருக்கேனா?"

"பொம்பளைக்கு இயற்கை வச்ச நோக்கம் வேறன்னு சார் சொல்றார்."

"என் நோக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? கரண்டு மீட்டர்ல பாத்தாரா?"

மெத்தைக்காரர் மீதி வெள்ளரிக்காயை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருக்கும்போது பேசக் கூடாது என்பதும் சபையின் விதிகளில் ஒன்று. அவருக்கு அது பல நேரம் உதவியது.

அவள் மறுபடி ஊசியைக் குத்தினாள். எழுந்தாள், சுற்றினாள், உட்கார்ந்தாள். நூலை வேண்டியதற்கு மேல் இழுத்துவிட்டாள். கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளை அடுப்படியில்தான் நிறுத்தினார்கள். அவள் வைத்தால் சோறு குழையும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். பாத்திரம் கழுவினால் ஒன்றாவது நசுங்கும். கைக்கு வக்கில்லாதவள் என்று வீட்டில் தீர்மானம் ஆகிவிட்டது. அவளும் அதை நம்ப ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் குத்துப் போடுகிற ஆள் வரவில்லை என்று மெத்தைக்கு அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். துணியைக் கிழித்துக்கொண்டு ஊசி முனை வந்தது. வாங்கினாள், இழுத்தாள், திருப்பி அனுப்பினாள். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தன் கை தனக்கு எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், எனக்கு வேற வேலை தெரியாது என்று முடித்துவிடுவாள்.

இரண்டொரு நாளில் சூப்பரிண்டெண்டே கூடத்தைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு, வெறுங்கால். தெருமுனை வரை காரில் வந்து இறங்கி, அங்கிருந்து வெறுங்காலில் நடந்து வந்திருந்தார். கூடத்தைக் காலடியால் அளந்தார். பஞ்சுக் குவியலைப் பார்த்துவிட்டு, ஒரு துக்க வீட்டில் நிற்பவர்போல் தலையைக் குனிந்தார்.

"அம்மா," என்றார் கனிவாக, "இந்தப் பரந்த உலகத்தில் ஏதாவது ஒரு பறவை மெத்தையில் படுக்கிறதா?"

"படுக்குது சார்," என்றாள் கோணூசி.

"எங்கே?"

அவள் ஊசியால் மேலே காட்டினாள். உத்தரத்து மூலையில் ஒரு சிட்டுக்குருவி அலகு நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தது. "காலையிலேர்ந்து எங்க பஞ்சைத்தான் கொண்டு போகுது. காசே குடுக்காத வாடிக்கை அது ஒண்ணுதான்."

சூப்பரிண்டெண்ட் மேலே பார்த்தார். "அது கூடு, அம்மா. கூடு என்பது இயற்கை."

"அது வச்சா இயற்கை, நான் வச்சா செயற்கையா? எனக்கும் அதுக்கும் என்ன சார் வித்தியாசம்? எனக்கு மூக்கு சின்னது, அவ்வளவுதானே."

"வாயை மூடு," என்றார் மெத்தைக்காரர் பல்லுக்குள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சூப்பரிண்டெண்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார். "எதிர்ப்பு தெரிவிப்பதும் பெண்ணின் இயற்கைதான்." பிறகு மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார். "நீ மாதக் கடைசியில் விழாவுக்கு ஏற்பாடு செய். முதலில் எல்லோருக்கும் நித்திரைப் பயிற்சி. முடிந்ததும் நான் எழுந்து கூடத்தை ஏற்றுக்கொண்டு உரையாற்றுகிறேன். நான் ஏற்றுக்கொண்டதாக அறிவித்தால்தான் அது செல்லும்."

மாதக் கடைசி என்பது விடுதி மெத்தைகள் போய்ச் சேர வேண்டிய நாளும்கூட. அதை அவளும் மெத்தைக்காரரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். அவர் சாரை வழியனுப்பக் கிளம்பிவிட்டார்.

அவளுக்குத் துணையாக வந்தவள் நாத்தனார், மெத்தைக்காரரின் தங்கை. பக்கத்துத் தெருவில் துணி தேய்க்கிறவள். மத்தியானம் பெட்டியை ஆற விட்டுவிட்டு வருவாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் நேத்து எங்க வீட்டுக்கு வந்து என் தலையணையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. கழுத்துக்கு ஆகாதாம். என் கழுத்து, எனக்கு ஆகாதா?"

"உங்க அண்ணன்தானே, நீ கேக்க வேண்டியதுதானே?"

"அண்ணனா இருந்தவரைக்கும் கேட்டேன். இப்ப அவரு சபை." அவள் பஞ்சை வாரி உறைக்குள் திணித்துக்கொண்டே குரலைத் தணித்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு விட்டுடணும். போன வாரம் வந்து கதவைச் சாத்தச் சொல்லி சோறு கேட்டாரு."

"வெந்த சோறா?"

"கொதிக்கக் கொதிக்க. ரெண்டு முட்டை வேற. தின்னு முடிச்சு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து மோந்து பாத்துக்கிட்டே போனாரு. கூட்டத்துல எடுத்து விடுங்க அண்ணி, மனுஷன் சுருண்டுடுவாரு."

கோணூசி கொஞ்ச நேரம் குச்சியால் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பசிச்சவனைக் காட்டிக் குடுத்தா ஜெயிக்கணும்? வேணாம். அவரு இனிமே வந்தா இன்னும் ஒரு முட்டை சேத்துப் போடு."

நாத்தனார் நல்லவள். ஆனால் குத்துப் போட அவளை அந்தப் பக்கம் உட்கார வைக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிப் பழகிய கை. இழுத்தால் நூல் அறும். மெல்ல இழு என்றால் தொளதொளவென்று விட்டுவிடுவாள். கடைசியில் கோணூசி அவளைப் பஞ்சு வாரும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் தானே சுற்ற ஆரம்பித்தாள்.

அது காற்றுக் காலம். தெருவில் புழுதி எழுந்து ஓடுகிற நாட்கள். அந்த மாதங்களில் பஞ்சுக் கடையில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். வெக்கையில் உடம்பு நனைந்து, நனைந்த உடம்பில் பஞ்சு ஒட்டி, சாயங்காலம் பார்த்தால் ஆட்கள் முயல்குட்டி மாதிரி இருப்பார்கள். கோணூசி அப்படியே தைத்தாள். விழா நாள் விடிந்தபோது எல்லா மெத்தையும் முடிந்து சுவரோரம் அடுக்கியிருந்தது, ஒன்றைத் தவிர.

சபையார் வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர், கணக்கு ட்யூஷன் வாத்தியார், வங்கியில் காசாளராக இருந்தவர், அவர்கள் மனைவிமார். எல்லோரும் வெறுங்கால். மெத்தைக்காரர் குளித்து, தலை வாரி, வாசலில் நின்று ஆளுக்கொரு கேரட் கொடுத்து வரவேற்றார். கூடத்தின் நடுவே அவர் மனைவி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கிட்டே வந்து கெஞ்சினார். "ஒரு அரை மணி நேரம் நிறுத்தேன். மானம் போகுது."

"மெத்தை சாயங்காலம் போகணும். மானம் நாளைக்குப் போனாப் போதும்."

"சார் வந்துட்டாரு."

"வரட்டும். எடம் இருக்கு, படுக்கச் சொல்லுங்க. நான் என்ன குறுக்கவா படுத்திருக்கேன்?"

சூப்பரிண்டெண்ட் உள்ளே நுழைந்ததும் மூடியிருந்த ஜன்னல்களைப் பார்த்தார். "காற்றைச் சிறையில் அடைத்திருக்கிறீர்களே," என்றார். "திறங்கள்."

"திறக்காதீங்க சார்," என்றாள் கோணூசி, மிஷினை நிறுத்திவிட்டு. "இது காத்துக் காலம். பஞ்சு எழும்பிடும்."

"இயற்கைக்குப் பயப்படக் கூடாது அம்மா."

திறந்தார்கள். இயற்கை உள்ளே வந்தது. அடித்து வைத்திருந்த பஞ்சுக் குவியல் ஒரு முறை மூச்சு விட்டதுபோல் எழுந்து, கூடம் முழுக்கப் பரவி, நிதானமாக எல்லோர் மேலும் இறங்கியது. மருந்துக்கடைக்காரர் தும்மினார். அவரைத் தொடர்ந்து ஒரு வரிசையே தும்மியது.

சூப்பரிண்டெண்ட் அசரவில்லை. "படுங்கள்," என்றார். "இயற்கை உங்களுக்குக் கொடுக்காத எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கழற்றித் தலைமாட்டில் வையுங்கள். நான் எழுந்து பேசும்வரை யாரும் பேச வேண்டாம்."

கடிகாரம், கண்ணாடி, பெல்ட், கொண்டை ஊசி எல்லாம் கழன்றன. சூப்பரிண்டெண்ட் தலைவருக்குரிய இடமாகப் பஞ்சுக் குவியலின் ஓரத்தைத் தேர்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் பங்குக்குக் கழற்ற வேண்டியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை மார்பில் போட்டுக்கொண்டு மல்லாந்தார். மெத்தைக்காரரும் ஓரமாகப் படுத்தார். கண்கள் மூடின.

கோணூசி நாத்தனாருக்குச் சைகை காட்டினாள். நாத்தனார் படுத்திருந்தவர்களின் இடுக்கில் புகுந்து, சிதறிய பஞ்சையெல்லாம் கூட்டி வாரி வாரிக் கடைசி உறையில் அடைத்தாள். கோணூசி உறையின் வாயைத் தைத்தாள். தட்டிச் சமன் செய்தாள். மெத்தையை நிமிர்த்தி நிறுத்தினாள்.

குத்தினாள். எழுந்தாள். மெத்தையைச் சுற்றிப் போக வேண்டிய வழியில் வங்கிக்காரர் படுத்திருந்தார். தாண்டினாள். உட்கார்ந்தாள், இழுத்தாள், குத்தினாள். எழுந்து மறுபடி தாண்டினாள். மூன்றாவது தாண்டலில் வங்கிக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"சார், இந்தம்மா கால் என் தலைக்கு மேல போகுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சூப்பரிண்டெண்ட், "ம்," என்றார்.

"சொல்லுங்க சார்," என்றார் வாத்தியாரும். "மெத்தை தைக்கிற சத்தத்துல எப்படி இயற்கையா தூங்குறது?"

"ம்ம்," என்றார் சூப்பரிண்டெண்ட், வாய் திறக்காமல்.

கோணூசி ஊசியோடு நிமிர்ந்து நின்றாள். அவளுக்குப் பேசிப் பழக்கம்தான், ஆனால் படுத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"சார் சொல்ல வேணாம், நானே சொல்றேன்," என்றாள். "நீங்க எதுக்குப் பொறந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. தரையில படுக்கத்தான்னா நல்லாப் படுங்க, நான் கேக்கப் போறதில்ல. ஆனா நான் எதுக்குப் பொறந்தேன்னு யாரும் எனக்கு எழுதிக் குடுக்க வேணாம். இந்த வீட்டுக்கு வந்தப்ப அடுப்படிதான் என் இயற்கைன்னாங்க. என் கையால ஒரு சட்டி உருப்படல. பிள்ளையப் பெத்தேன், வளத்தேன், கட்டிக் குடுத்தேன். எல்லாம் செஞ்சேன், செய்யணுமேன்னு செஞ்சேன். இது ஒண்ணைத்தான் நானா செய்யணும்னு செய்யறேன். இந்த ஊசியைப் பிடிச்சா எனக்குப் பசி தெரியாது, வயசு தெரியாது. பொண்ணுங்க பகலெல்லாம் நின்னு வேலை பாத்துட்டு வந்து இதுல விழுந்து கண்ணை மூடுவாளுங்க. அதுல என் கை இருக்கு. இது என் இயற்கை இல்லேன்னா வேற எது என் இயற்கைன்னு அவரு எழுந்திரிச்சுச் சொல்லட்டும். நியாயமா இருந்தா இந்த நிமிஷமே ஊசியைக் கீழ போடறேன்."

எல்லோரும் தலையைத் தூக்கி சூப்பரிண்டெண்டைப் பார்த்தார்கள். மேடையில் ஏறினால் இறங்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உதடு ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"சொல்லுங்க சார்," என்றாள் அவள் மறுபடி. "காத்திருக்கேன்."

அவர் துண்டை மோவாய்வரை இழுத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். ஊசியை மெத்தைக்குள் முழுக்கக் குத்தினாள். எழுந்து சுற்றிப் போவதற்காகக் கையைத் தரையில் ஊன்றினாள். அதற்குள் நூல் விறைத்தது. அந்தப் பக்கமிருந்து யாரோ ஊசியை வாங்கி இழுக்கிறார்கள். நாத்தனாரின் இழுப்பு இல்லை. பொத்தான் கோக்கிற அந்தச் சின்ன இடைவெளி. பிறகு ஊசிமுனை துணியைக் கிழித்துக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தது.

அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பி அனுப்பினாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்று மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீங்க பேசாம இழுத்தா முடியும்."

"நான் பேசவே இல்லையே."

"ஒரு மாசமா வேற என்ன பண்ணினீங்க?"

நூல் கொஞ்சம் கூடுதலாக இறுகியது. அவள் சிரித்துக்கொண்டாள், மெத்தை மறைத்தது.

சூப்பரிண்டெண்ட் எழுந்து உட்கார்ந்தார். இனி கூடத்தை ஏற்றுக்கொண்டு உரையாற்றுவார் என்று சபை நிமிர்ந்தது. அவர் தலைமாட்டில் தடவிக் கடிகாரத்தை எடுத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தார். மண்ணைத் தொட்டு வணங்குகிறார் என்று மருந்துக்கடைக்காரரின் மனைவி தானும் தொட்டு வணங்கினாள். கடைசியில் துண்டை எடுத்து மூக்கும் வாயும் மறையப் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து, விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போய்விட்டார். தெருமுனையில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். யாரும் எதையும் ஏற்றுக்கொள்ளாததால் கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் எல்லா மெத்தைகளும் வண்டியேறின.

மறுநாளிலிருந்து கோணூசியின் பேச்சு தெருவெல்லாம் நடந்தது. சூப்பரிண்டெண்டை வாயடைக்க வைத்தவள் என்று பார்க்க வந்தவர்களில் சிலர் மெத்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். பூங்காவில் அடுத்த இரண்டு ஞாயிறும் சபை கூடவில்லை. மெத்தைக்காரர் சுடுசோறு சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியலையே அந்த மனுஷனால," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கோணூசி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாலும், யாராவது கேட்டால் முழுப் பேச்சையும் ஆரம்பத்திலிருந்து ஒரு தரம் சொல்லிக் காட்டினாள். சொல்லச் சொல்லப் பேச்சு கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் விடுதிக் கண்காணிப்பாளர் அம்மா ஒரு மெத்தையை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"இதை என்னன்னு பாருங்க. படுத்தா முதுகுல ஏதோ கடிக்குதாம். மூணு பொண்ணுங்க மாறி மாறிப் படுத்துப் பாத்துட்டாங்க."

"என் மெத்தையில பூச்சியா?" கோணூசிக்கு முகம் சிவந்தது. "ஒவ்வொரு பிடி பஞ்சும் நான் பாத்து அடிச்சது மேடம். இவங்க எல்லாரும் பாக்க இப்பவே பிரிச்சுக் காட்டுறேன். ஒரு பூச்சி இருந்தாலும் நான் இனிமே ஊசியைத் தொடல."

மெத்தைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் மறு முனையைப் பிடித்தாள். கோணூசி மெத்தையின் வாயைப் பிரித்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.

பூச்சி எதுவும் இல்லை. ஒரு வெள்ளைக் கைக்குட்டையும், அதற்குள் மேல்வரிசைப் பல்செட் ஒன்றும் இருந்தன.